பூண்டுக்குப் போட்ட புகை

செத்தவர்களைப் பற்றிக் கோபமாகப் பேசக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த மரியாதை வராது. என் மதினியை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. சில நாள் அதன் முறை வருவதே இல்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. பிறந்தது கூக்கால், வாழ்க்கைப்பட்டது எங்கள் பூண்டி; இரண்டும் கொடைக்கானல் மலைக் கிராமங்கள். என்னை டவுன் பக்கம் நாயுடுபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டு முன்பக்கத்தையே மெஸ் ஆக்கி, வருகிறவர்களுக்குச் சோறு போட்டுப் பிழைக்கிறேன். மாதம் ஒருமுறை மதினி பஸ் பிடித்து வருவாள். வந்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு அடி விழும். "என்னத்தா, ஊசிப்போன சாம்பாரை எந்த டூரிஸ்ட்டு தலையில கட்டுன இன்னைக்கு?" என்று சாப்பிடுகிறவர்கள் காதில் விழும்படி கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு அடி.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. யாரோடு பேசினாலும் அவர்கள் தோளிலோ தொடையிலோ அவள் கை கிடக்கும். கைக்குழந்தையைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பேன் பார்த்திருக்கிறாள். எனக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் அம்மை போட்டபோது வீட்டில் எல்லோரும் வாசலோடு நின்றுகொண்டார்கள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகாத மதினி என் பாயில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் உயரத்துக்கு வேம்பு வளராது. கீழேயிருந்து லாரிக்காரர் கொண்டுவந்த வேப்பங்கொத்தால் என் முதுகை வருடிக்கொண்டே இருந்தாள். அம்மா திட்டியதற்கு, "நோவு வந்தவுகளத் தொடாம ஒதுக்கி வச்சா அதுலயே பாதி செத்துருவாக அத்த" என்றாள். நான் பிழைத்தது வேப்பிலையாலா, அவள் கையாலா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஊரில் ஒரு பொம்பளை செத்தால் குளிப்பாட்டக் கூப்பிடுவது மதினியைத்தான். சொந்தமா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். வெந்நீர் கேட்பாள். "செத்தவளுக்கு எதுக்குடி வெந்நீரு?" என்று ஒருத்தி சொன்னதற்கு, "இந்தக் குளிருல நீ பச்சத்தண்ணியில குளிப்பியா? அவுகளுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாள். பிணத்தோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வாள். "கையத் தூக்குங்கத்தா. இந்தா ஆச்சு. கொஞ்சம் திரும்புங்க, முதுகு தேய்க்கணும்" என்பாள். அழுதுகொண்டு நிற்கிற மகள்கள் அதைக் கேட்டு அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

இப்படிப்பட்டவளைத்தான் கொரோனா பிடித்துக்கொண்டு போனது. ஆனால் அவளுக்குக் கொரோனா வரவே இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வார்கள், "நம்மூருல ஒருத்தருக்கும் வரல." ஆமாம், வரவில்லை. முதல் அலையில் ஊர் எல்லையில் ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு யாரையும் உள்ளே விடவில்லை. அந்த மரத்தின் மேலேயே நெருக்கி உட்கார்ந்து நாள் பூராவும் சீட்டு விளையாடினார்கள். பகலில் குடிக்கப் பழகினது அந்த மரத்தில்தான். மரத்தை எடுத்துப் பல வருஷம் ஆச்சு. அவர்களில் பாதிப்பேர் இன்னும் மதியத்துக்குள் தள்ளாடுகிறார்கள். ஊருக்கு வராத நோய் இவர்களை எப்படிக் கவிழ்த்தது என்று யாரும் கேட்பதில்லை.

அப்போதெல்லாம் மதினி அவர்களைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். போனில் என்னிடம், "மரத்தப் பாத்தா கொரோனா பயந்து திரும்பிப் போயிரும்னு காவலு காக்குறாக தாயி" என்று சிரித்தாள். அவள் சிரிப்பை நான் முழுசாகக் கேட்டது அதோடு சரி.

இரண்டாம் அலையில் கூக்காலில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது; மதினி அங்கே ஓடினாள். மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட ஒருவரையும் ஏற்றவில்லை. பிறகு வந்தது ஒரு போன்தான். மதினியும் அவள் தம்பியும் எப்படியோ பாஸ் வாங்கிக் கீழே இறங்கினார்கள். சுடுகாட்டில் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். கவச உடை போட்ட நாலு பேர் ஒரு மூட்டையை இறக்கினார்கள். அதற்குள் இருப்பது தன் அம்மா என்று மதினி நம்ப வேண்டியிருந்தது. ஊருக்கே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியவள் பெற்றவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவில்லை.

அந்த நாலு பேர் மேல் எனக்குக் கோபமில்லை. உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளிடம் "எப்படி இருக்க?" என்று கேட்க ஒரு நாதியும் இல்லாமல் போனதே, அதன் மேல்தான் கோபம். கைக்குக் கிருமிநாசினி கொடுத்தார்கள், மூக்குக்கு முகமூடி கொடுத்தார்கள். மனசு என்று ஒன்று இருப்பதாகவே எவனுக்கும் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பியவள் அழவில்லை. நேரே பூண்டுக் கொட்டகைக்குள் போனாள்.

கொட்டகையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் மலைப்பூண்டைப் பிடுங்கினதும் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, கொட்டகைக்குள் குறுக்குக் கம்புகளில் வரிசையாகத் தொங்கவிடுவோம். கீழே தீ மூட்டுவோம். தீ எரியக் கூடாது. கனிந்து கனிந்து புகைய வேண்டும். புகை ஏற ஏறப் பூண்டின் தோல் பழுப்பாகி இறுகிவிடும். அப்புறம் பூஞ்சணம் பிடிக்காது, புழு வைக்காது, அடுத்த விதைப்பு வரைக்கும் அப்படியே இருக்கும். எங்கள் தலைமுறைகளுக்குத் தெரிந்த பெரிய வித்தை இதுதான்.

அண்ணன் பிக்கப் வண்டியில் பூண்டு ஏற்றிக்கொண்டு கீழே வடுகபட்டிச் சந்தைக்குப் போய்த் திரும்புவான். அப்படித் திரும்பிய ஒரு நாள் மதினி அவனை வீட்டு வாசல் மிதிக்க விடவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே காட்டினாள். "உக்காருங்க. புகை போட்டா பூண்டே வருசத்துக்கும் கெடாமக் கெடக்கு. மனுசன் கெட்டுருவானா?"

எங்கள் மலையில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். கேட்கும்போது அறிவாகக்கூடத் தெரிந்தது, அதுதான் கொடுமை. அண்ணன் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். போட்ட துணி, வாங்கிய அரிசி, செருப்பு, செல்போன் எல்லாம் கம்பில் தொங்கின. எதிர்வீட்டுப் பெரியம்மா முதலில் எட்டிப் பார்த்தாள், பிறகு மருமகளை அனுப்பினாள், பிறகு பேத்திகளை அனுப்பினாள். ஊரே வந்து போனது. யாரோ வீடியோ எடுத்துவிட, அது சுற்றிச் சுற்றி நாயுடுபுரத்துக்கு என் போனுக்கே வந்து சேர்ந்தது. 'மலைவாழ் தமிழச்சியின் மருத்துவ ரகசியம்' என்று மேலே எழுதியிருந்தார்கள். பின்னால் வீர இசை வேறு.

ஊரடங்கு முடிந்து மெஸ் திறந்ததும் ஒரு ரிசார்ட் மேனேஜர் சாப்பிட வந்தான். "அக்கா, வீடியோல இருக்கறது உங்க மதினியாமே? நம்ம ரிசார்ட்டுக்கு வரச் சொல்லுங்க. கெஸ்ட்டுக்கு நேச்சுரல் தெரபின்னு போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். அன்றைக்கு அவனுக்கு நான் ரசம் ஊற்றவில்லை. மோரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கொரோனா போனது. ஏரிக்கரையில் கார்கள் நகர முடியாமல் நின்றன. எல்லோரும் எல்லாவற்றையும் மறந்து சோளக்கதிர் கடித்தார்கள். ஊரார் கொட்டகைக்கு வருவதை விட்டார்கள். மதினி விடவில்லை. காலையில் எழுந்ததும் புகை, தண்ணீருக்குப் போய் வந்தால் புகை, யாராவது வாசலில் நின்று பேசிவிட்டுப் போனால் புகை. பஸ் ஏறுவதை நிறுத்தினாள். என் முதுகுக்கு அடி விழுவது நின்றது. நான் போனால் கொட்டகையைக் கடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருகிற என்னை முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று விசாரிப்பாள்.

என் மகள் பெரியவளானபோதுதான் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. சடங்கில் மாமன் பெண்டாட்டிதான் முதல் தண்ணீர் ஊற்றி நலங்கு வைக்க வேண்டும். அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்தான். மதினியும் வந்தாள், வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். பட்டுப்பாவாடை, பூ, பழம் எல்லாம் புகை நாற்றம் அடித்தன. மல்லிகைப் பூ கருகியிருந்தது. மகள் குளிர்ந்த மணையில் உட்கார்ந்து, "அத்தை வரலியா? அத்தை வரலியா?" என்று கேட்டுக் கேட்டு அழுதுவிட்டாள். வந்த சொந்தங்கள் வாய்க்குள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. திமிராம். புருஷன் நாலு காசு பார்த்த கொழுப்பாம். ஒருத்தி வாயிலிருந்தாவது, இந்தப் பொம்பளைக்கு உடம்பு சரியில்லை என்ற வார்த்தை வரவில்லை.

நான் கேட்டுக்கு ஓடினேன். "ஒங்க கைய எவனும் வெட்டிப் போட்டானா மதினி? ஒங்க கையில வளந்த புள்ள, ஒரு செம்புத் தண்ணி ஊத்த ஒங்களுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன்.

அவள் இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "கோவப்படாத தாயி. என் கையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. பச்சப்புள்ள மேல எப்படி வைக்க?"

எனக்குக் கோபம் ஒரு நொடியில் பக்கம் மாறியது. அன்றைக்கே அண்ணனைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணே, இது வியாதி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"சுத்தம் பாக்குறது ஒரு வியாதியாத்தா? ஊருல போய்க் கேளு, அவள மாதிரிச் சுத்தக்காரி உண்டான்னு."

"தூங்குறாங்களா?"

"வெள்ளனே எந்திரிச்சுருவா. சோலி கெடக்குல்ல."

"பிரஷர் மாத்திரை போடுறாங்களா?"

அண்ணன் காலித் தட்டுகளை அடுக்கப் போய்விட்டான். மாத்திரை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது என்பதால் அவள் அதைத் தொட்டு வெகுநாளாகிறது என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற மருத்துவ முகாம்காரர்கள்கூட வாசலில் நின்று, பளபளவென்று இருக்கிற முற்றத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இந்தம்மா மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பைத்தியம் பிடித்துத் தெருவில் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடியிருந்தால் உடனே வண்டி வந்திருக்கும். அவள் பைத்தியம் வாசல் தெளித்துக் கோலம் போட்டது, கையைக் கழுவியது, கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவியது. ஆகவே பாராட்டு வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. கொட்டகையில் தீ அணையாமல் இருந்ததில் அண்ணன் பூண்டுதான் ஊரிலேயே நன்றாகப் பதம் வந்தது. சந்தையில் அவன் மூட்டையைத்தான் முதலில் பிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் நல்லது தன் பக்கம் சாய்கிறபோது மனுஷன் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

இருமல் ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. புகைக்குள் எல்லோரும்தான் இருமுவார்கள். போனில் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு வாக்கியங்கள் சின்னதாயின. பிறகு "ம்" மட்டும் வந்தது. தை மாதம் ஒரு காலையில் நான் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு ஜீப் பிடித்துப் போய் இறங்கினேன்.

கொட்டகைக்குள் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் பழைய கட்டுகள் தொங்கின. விலா எலும்பு ஏறி இறங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி இருந்தது.

"ஜீப்பு நிக்குது. கெளம்புங்க மதினி."

"நீ வெளிய இரு தாயி."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, இருமல் பிடுங்கியது. "நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கனதான் கெடப்பேன்."

"கோட்டித்தனம் பண்ணாத. வெளிய போ. நெஞ்சு அடைச்சுக்கிரும்."

"ஒங்க நெஞ்ச மட்டும் என்ன, கல்லுலயா செஞ்சு வச்சிருக்கு?"

நான் இருமுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னாள். "எங்காத்தா... நடந்துதான் ஏறுனா தாயி அந்த வண்டியில. கதவச் சாத்தையில என்னயப் பாத்துக் கையக் காமிச்சா. திரும்ப வந்தது மூட்டைதான். தலை எந்தப் பக்கம், காலு எந்தப் பக்கம்னு தெரியல. எந்தப் பக்கத்தப் பாத்து நான் கும்புட?"

"ஒங்கள யாரும் மூட்டை கட்ட மாட்டாக."

"கட்டிருவாக."

"நான் இருக்கேன்ல. ஒங்க கைய விட மாட்டேன். அப்படியே ஒண்ணு ஆச்சுன்னாலும், வெந்நீ வச்சு நான்தான் குளிப்பாட்டுவேன். எவன் வந்து கயிறு கட்டுறான்னு பாக்குறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா மதினி."

கையை நீட்டினேன். அந்தக் கையை அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு சேலைக்குள்ளிருந்து தன் கையை எடுத்து அதில் வைத்தாள். அம்மை போட்ட என் முதுகை வருடிய கை அது. பூண்டுத் தோல் போல உலர்ந்து, திரும்பத் திரும்பக் கழுவி வெடித்துப்போயிருந்தது. கொடைக்கானல் வந்து சேரும் வரைக்கும் ஜீப்பில் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள், படம் எடுத்துப் பார்த்தாள். "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய சிரிப்பேதான். இருமலோடு கலந்து வந்தாலும் எனக்குத் தெரியாதா? "சிகரெட்டு இல்லீங்கம்மா, பூண்டு" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவள்தான்.

புகை உடனே நிற்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரல் தாங்காது என்றாள். வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர் கொடுத்தாள். மனநல டாக்டர் ஒருவரையும் கட்டாயம் பார்க்கச் சொன்னாள். மதினி சில நாள் அங்கே கிடந்து தேறி வீட்டுக்குப் போகும்போது அண்ணன் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தான். "பைத்தியக்கார டாக்டரையா? எம் பொண்டாட்டியவா? ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"அந்த நாலு பேருதான் மரத்துமேல உக்காந்து குடிச்சாக அண்ணே" என்றேன். அவனுக்குக் காது கேட்கவில்லை.

மாசியில் பூண்டு பிடுங்குகிற நேரம். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஊருக்குள் நுழையும்போதே எங்கள் கொட்டகைக் கூரையிலிருந்து புகை கசிவது தெரிந்தது. உள்ளே புதுக் கட்டுகள் நெருக்கமாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவே, பூண்டுத் தாளோடு தாளாகச் சணல் போட்டுக் கட்டி, இன்ஹேலர் தொங்கிக்கொண்டிருந்தது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குக் கீழே மதினி உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல்ல தாயி. கொஞ்சம் புகையில கெடக்கட்டும். அப்பறம் இழுக்குறேன்" என்றாள்.

வெளியே வந்து அண்ணன் சட்டையைப் பிடித்தேன். "யாரு தீ வச்சது?"

"நான்தான். என்ன செய்யச் சொல்ற? வெள்ளாமை வந்துருச்சு, புகை போடலைன்னா அழுகிப்போகும்."

"கதவப் பூட்ட வேண்டியதுதான?"

"பூட்டிப் பாத்தேன்." அவன் குரல் உடைந்தது. "கதவச் சொரண்டிக்கிட்டே கெடந்தா. நகமெல்லாம் ரத்தம். அதப் பாக்க முடியல தங்கச்சி, தொறந்து விட்டுட்டேன்."

அந்த இடத்தில் அவனை அடிக்க வந்த என் கை நின்றுவிட்டது. கோபத்துக்கு ஒரு ஆள் இருந்தால் வசதியாக இருக்கும். எனக்கு அது வாய்க்கவில்லை. தீயை அணைக்கச் சொன்னேன், அன்றைக்கு அணைத்தான். மதினியை என்னோடு கூட்டிப்போகிறேன் என்றேன். "அறுப்பு முடியட்டும், நானே வெரசாக் கொண்டாந்து விடுறேன்" என்றான். அறுப்பு முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள். தீ மறுபடி எரிந்திருந்தது. யார் மூட்டியது என்று நான் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முகமூடியுமில்லை, தூரமுமில்லை. மதினியைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை, சும்மா நின்றார்கள். என்ன விஷயம் என்றால், குளிப்பாட்ட யாருக்கும் முறை தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள்தான் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

நான் சேலையை இழுத்துச் சொருகினேன். "வெந்நீ வையுங்க" என்றேன். எதிர்வீட்டுப் பெரியம்மா, "செத்த..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்து, முதல் செம்பை நான்தான் ஊற்றினேன். தலைக்குச் சீயக்காய் போட்டேன். அலசின தண்ணீர் கருப்பாக ஓடியது. மறுபடி போட்டேன், மறுபடியும் கருப்புதான். அந்த முடியிலிருந்து புகை போகவே இல்லை. கையைத் தூக்கித் தேய்த்தேன், விரல் விரலாகத் தேய்த்தேன். "இந்தா ஆச்சு மதினி" என்று என் வாயில் தானாக வந்தது. "கொஞ்சம் திரும்புங்க, முதுகு தேய்க்கணும்."

என் மகள் மறைப்புக்குள் நுழைந்து, ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அத்தை தோளில் ஊற்றினாள்.

வெளியே பெண்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "புண்ணியவதி. அந்தக் கொரோனாவுலயே தப்பிச்சவ. இயற்கைச் சாவு." தப்பித்தாளாம். கொரோனாவில்தான் செத்தாள் என் மதினி. கொஞ்சம் மெதுவாகச் செத்தாள், அவ்வளவுதான். அதை எவனும் எந்தக் கணக்கிலும் எழுதப் போவதில்லை.

சேலை கட்டி, பொட்டு வைத்து முடித்துவிட்டு, மிச்ச வெந்நீர் அண்டாவோடு நான் வெளியே வந்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா இடுப்பில் பேத்தியோடு என் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏத்தா, கீழ என்னமோ புதுசாக் காய்ச்சல் வருதுங்குறாக. ஒம் மதினி அந்தப் புகையில என்ன தழை போடுவா? ஒனக்குத் தெரியுமா?"

அண்டாவைத் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய்க் கதவை எத்தித் திறந்தேன். கனிந்துகொண்டிருந்த தீயின் மேல் அவளைக் குளிப்பாட்டி மிஞ்சின தண்ணீரைக் கவிழ்த்தேன். சீறிக்கொண்டு சாம்பல் என் முகத்தில் அடித்தது. பெண்கள் அலறினார்கள். அண்ணன் அழுத முகத்தோடு ஓடி வந்தான்.

"என்ன காரியம் பண்ணுறத்தா? அத்தனை பூண்டும் கெட்டுப்போகுமே!"

"கெட்டுப்போகட்டும்ணே" என்றேன்.